நேரியல் கட்டுப்பாட்டு அமைப்புகளின் நிலைத்தன்மைச் சோதனைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை வட்டாரத்துப் பொறியியல் கல்லூரிகளில் மின்னியலும் கருவியியலும் படிக்கும் மாணவர்கள், கட்டுப்பாட்டு அமைப்புகள் பாடத்துக்கு வந்ததும் ஆண்டுதோறும் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே விடைகளோடு தொகுத்திருக்கிறேன். பாடத்தில் எஸ் என்று வழங்கும் மாறியை ‘ச’ என்றும், உள்ளீட்டை எத்தனை மடங்காகப் பெருக்குகிறோம் என்ற அளவான கெயினைக் ‘க’ என்றும், டிஜிட்டல் அமைப்புகளில் வரும் இசட் மாறியை ‘ஜ’ என்றும் எழுதியிருக்கிறேன். கணக்குகளைக் கையில் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு கூடவே போட்டுப் பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். படித்துக்கொண்டே போனால் மட்டும் இந்தப் பாடம் பிடிபடாது.

நிலைத்தன்மை என்று சரியாக எதைச் சொல்கிறோம்?

ஓர் அமைப்பை அதன் ஓய்வு நிலையிலிருந்து சற்றே கலைத்துவிட்டு, பிறகு நாம் எதுவும் செய்யாமல் இருந்தால், அது தானாகப் பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்பதே கேள்வி. நேரியல் அமைப்பில் இந்தக் கேள்வி முழுவதும், அமைப்பின் இயல்பான அசைவுகளைத் தீர்மானிக்கும் சிறப்பியல்புச் சமன்பாட்டின் மூலங்களில் அடங்கிவிடுகிறது. ஒரு மூலத்தின் மெய்ப்பகுதி −2 என்றால், அது தரும் அசைவு ஒவ்வோர் அரை விநாடிக்கும் ஏறத்தாழ 37 விழுக்காடாகத் தேய்ந்துகொண்டே போகும். மெய்ப்பகுதி +2 என்றால், அதே அசைவு சுமார் 0.35 விநாடிக்கு ஒரு முறை இரட்டிக்கும். எல்லா மூலங்களும் கலப்பெண் தளத்தின் இடப்பாதியில் இருந்தால் அமைப்பு நிலையானது. ஒன்றே ஒன்று வலப்பாதியில் இருந்தாலும் நிலையற்றது.

மூலங்களை மொபைலிலேயே கண்டுபிடித்துவிடலாமே, பிறகு ஏன் இந்தச் சோதனைகள்?

எல்லாக் கெழுக்களும் எண்களாகத் தெரிந்திருந்தால் கண்டுபிடித்துவிடலாம். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வடிவமைப்பவரின் கேள்வி பெரும்பாலும் ‘இந்த அமைப்பு நிலையானதா’ என்பதாக இருப்பதில்லை. ‘கெயினை எதுவரை ஏற்றலாம்’ என்பதாகவே இருக்கிறது. அதற்கு மொபைல் ஒவ்வோர் எண்ணாகப் போட்டுப் பார்க்கச் சொல்லும். கெழுக்களை மட்டும் வைத்து எழுதும் ரௌத் அட்டவணையோ எல்லையை நான்கு வரியில் எழுதிக் கொடுத்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. உயர்படிப் பல்லுறுப்புக் கோவைகளில் கெழு இம்மி பிசகினாலும் மூலங்கள் வெகுதூரம் நகர்ந்துவிடலாம். எண்கணிப்பு வல்லுநர் வில்கின்சன் காட்டிய உதாரணம் புகழ்பெற்றது: 1 முதல் 20 வரையிலான முழு எண்களை மூலங்களாகக் கொண்ட கோவையில், 210 என்ற அளவுள்ள ஒரு கெழுவை ஒரு கோடியில் ஒரு பங்கை ஒட்டிய அளவுக்கு மாற்றினாலே, இருபதில் 10 மூலங்கள் கலப்பெண்களாகிவிடுகின்றன. திரையில் எட்டுத் தசம இடங்களோடு வரும் மூலத்தைப் பார்த்தவுடன் நம்பிவிடக் கூடாது என்பதற்காகவே இதை மாணவர்களிடம் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

கெழுக்கள் எல்லாம் நேர்க்குறியோடு இருந்தால் போதாதா?

ஒருபடிக்கும் இருபடிக்கும் போதும். மூன்றாம் படியிலிருந்து போதாது; அது தேவையான நிபந்தனை மட்டுமே. ச³ + ச² + 2ச + 8 என்ற கோவையை எடுத்துக்கொள்ளுங்கள். குறைக் குறி எங்கும் இல்லை. ஆனால் இதை (ச + 2)(ச² − ச + 4) என்று பிரிக்கலாம். இரண்டாம் காரணியின் இரு மூலங்களுக்கும் மெய்ப்பகுதி +0.5. வெளியிலிருந்து பார்க்க ஒழுங்காகத் தெரியும் இந்த அமைப்பு ஆட்டம் போட்டு வளர்ந்துகொண்டே போகும். எதிர்த்திசையில் மட்டும் விதி உறுதியானது: ஒரு கெழு குறி மாறியிருந்தாலோ விட்டுப்போயிருந்தாலோ, அதற்கு மேல் கணக்குப் போடவே வேண்டாம், நிலையானதாக இருக்க வாய்ப்பில்லை.

ரௌத் அட்டவணையை எப்படி எழுதுவது, அதிலிருந்து என்ன தெரியும்?

எங்கள் ஆய்வகத்தில் இருக்கும் சர்வோ மோட்டார் பெட்டியை வைத்தே சொல்கிறேன். முன்பக்கத்தில் பாகை குறித்த வட்டத் தட்டு, அதன் மேல் ஒரு முள், பக்கத்தில் கெயினை ஏற்றி இறக்கும் குமிழ். அதன் மூடிய சுற்றுக்கு (வெளியீட்டை அளந்து உள்ளீட்டோடு ஒப்பிடும் அமைப்புக்கு) நாங்கள் அளந்து எழுதிய சமன்பாட்டை முழு எண்களாக்கினால் ச(ச + 2)(ச + 5) + க = 0 என்று வருகிறது; விரித்தால் ச³ + 7ச² + 10ச + க = 0. அட்டவணை இது:

ச³ நிரை: 1, 10
ச² நிரை: 7, க
ச¹ நிரை: (70 − க)/7
ச⁰ நிரை: க

முதல் இரண்டு நிரைகளில் கெழுக்களை ஒன்றுவிட்டு ஒன்றாக எழுத வேண்டும். மூன்றாம் நிரைக்கு, மேலே உள்ள இரண்டு நிரைகளையும் குறுக்குப் பெருக்கிக் கழித்து, உடனடி மேல்நிரையின் முதல் எண்ணால் வகுக்க வேண்டும்: (7 × 10 − 1 × க)/7. முதல் நிரலில் எத்தனை முறை குறி மாறுகிறதோ, அத்தனை மூலங்கள் வலப்பாதியில் இருக்கின்றன. இங்கே குறிமாற்றம் இல்லாமல் இருக்க, க பூச்சியத்துக்கு மேலும் 70-க்குக் கீழும் இருந்தாக வேண்டும்.

க சரியாக 70 ஆகும்போது ச¹ நிரை பூச்சியமாகிறது; அப்போது மேல்நிரையிலிருந்து 7ச² + 70 = 0 என்ற துணைச் சமன்பாடு கிடைக்கிறது. அதன் மூலங்களின் மெய்ப்பகுதி பூச்சியம், கற்பனைப் பகுதி ±√10. ஆக, ஆட்டத்தின் காலம் 2 × 3.1416 ÷ 3.162, அதாவது சுமார் 1.99 விநாடி. நிலைத்தன்மை எப்போது போகும் என்பதோடு, போகும்போது எந்த வேகத்தில் ஆடும் என்பதையும் இந்த நான்கு நிரைகளே சொல்லிவிடுகின்றன.

ஒரு மாலை வகுப்பில் குமிழை மெல்ல ஏற்றினோம். முதலில் முள் குறியைத் தாண்டிப் போய் ஒரு முறை திரும்பி நின்றது. இன்னும் ஏற்றியபோது மூன்று நான்கு முறை தடுமாறி நின்றது. பிறகு ஓர் இடத்தில் நிற்பதையே விட்டுவிட்டு இரு பக்கமும் ஒரே அளவில் போய்வரத் தொடங்கியது. மொபைல் ஸ்டாப்வாட்சில் பத்து ஆட்டம் எண்ணினோம், 21 விநாடி. காகிதத்தில் வந்தது 19.9. பேரிங்கின் உராய்வும் பல்சக்கரங்களின் இடைத்தளர்வும் சமன்பாட்டில் இல்லை என்பதால் அந்த ஒரு விநாடி வித்தியாசத்தை நான் குறையாக நினைக்கவில்லை.

‘நிலையானது’ என்று தெரிந்தால் வேலை முடிந்ததா? எவ்வளவு விரைவில் அடங்கும் என்று ரௌத் சொல்லுமா?

சொல்லும், ஆனால் கேட்கத் தெரிய வேண்டும். மூலங்கள் எல்லாம் −0.5 என்ற கோட்டுக்கு இடப்புறம் இருக்க வேண்டுமென்றால், கற்பனை அச்சையே அங்கே நகர்த்திவிடுங்கள். ச-வுக்குப் பதிலாக (ச − 0.5) என்று இட்டால், நம் சமன்பாடு ச³ + 5.5ச² + 3.75ச + (க − 3.375) = 0 என்று மாறுகிறது. இதற்கு ரௌத் நிபந்தனை எழுதினால், க 3.375-க்கும் 24-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்று வரும். நிலைத்தன்மைக்கு 70 வரை அனுமதி. சுமார் எட்டு விநாடிக்குள் அடங்க வேண்டும் என்று கேட்டவுடன் 24-க்குச் சுருங்கிவிட்டது.

கோட்டை −1-க்கு நகர்த்தினால் ச³ + 4ச² − ச + (க − 4) என்று வருகிறது. ச-வின் கெழு எதிர்க்குறி. அதில் க இல்லவே இல்லை. எனவே குமிழை எங்கே வைத்தாலும் இந்த மோட்டார் அந்த வேகத்தில் அடங்காது என்பது நிரூபணமாகிவிட்டது. இனி வேண்டுவது வேறொரு கன்ட்ரோலர், வேறொரு குமிழ் நிலை அன்று. சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: முடியாததை முடியாது என்று முன்கூட்டியே சொல்லி, ஒரு மாத உழைப்பை மிச்சப்படுத்துகின்றன.

அட்டவணையின் நடுவில் பூச்சியம் வந்துவிட்டால் என்ன செய்வது?

முதல் நிரலில் மட்டும் பூச்சியம் வந்து, அதே நிரையில் வேறு எண் இருந்தால், பூச்சியத்துக்குப் பதிலாக எப்சிலான் என்ற மிகச் சிறிய நேர் எண்ணை வைத்துக் கணக்கைத் தொடரலாம். நிரை முழுவதும் பூச்சியமானால், மேல்நிரையைத் துணைச் சமன்பாடாக எழுதி, அதன் வகைக்கெழுவின் கெழுக்களைப் பூச்சிய நிரையில் இட வேண்டும். இரண்டும் எல்லாப் பாடநூலிலும் இருக்கின்றன.

பலர் தவறவிடும் ஒன்றைச் சொல்கிறேன். ச⁴ + 2ச² + 1 என்ற கோவைக்கு அட்டவணை எழுதினால், முதல் நிரலில் ஒரு குறிமாற்றமும் வராது. ‘வலப்பாதியில் மூலம் இல்லை, எனவே எல்லைநிலை நிலைத்தன்மை’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் அந்தக் கோவை (ச² + 1)². கற்பனை அச்சிலேயே மூலங்கள் இரட்டித்து நிற்கின்றன, ஆட்டத்தின் வீச்சு காலத்தோடு நேர்விகிதத்தில் வளரும், அமைப்பு நிலையற்றது. இதற்கான அடையாளமும் அட்டவணையிலேயே இருக்கிறது: பூச்சிய நிரை ஒரு முறையல்ல, இரு முறை வரும். இரண்டாம் முறை வந்தவுடன் நின்று யோசியுங்கள்.

ரௌத் சோதனை, ஹர்விட்ஸ் சோதனை இரண்டும் வேறுவேறா?

விளைவில் ஒன்றே, வந்த வழி வேறு. 1868-இல் மாக்ஸ்வெல், நீராவி எஞ்சின்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர்கள் பற்றி எழுதிய கட்டுரையில், மூன்றாம் படிச் சமன்பாட்டுக்கான நிபந்தனையைக் கண்டார். அதற்கு மேல் பொது விதி அவருக்குக் கிட்டவில்லை. அதைக் கண்டவர் ரௌத், 1877-இல் ஆடம்ஸ் பரிசு பெற்ற நூலில். கேம்பிரிட்ஜில் 1854-ஆம் ஆண்டுக் கணிதத் தேர்வில் ரௌத் முதலிடமும் மாக்ஸ்வெல் இரண்டாமிடமும் பெற்றவர்கள் என்பது கூடுதல் செய்தி.

ஐரோப்பாவின் மறுபுறம், சூரிச்சில் நீர்ச்சுழலிகளின் (டர்பைன்களின்) கட்டுப்பாட்டை ஆராய்ந்துகொண்டிருந்த பொறியாளர் ஸ்டொடோலா, ரௌத்தின் விடை தமக்குத் தெரியாத நிலையில், தம்முடன் பணியாற்றிய கணித அறிஞர் ஹர்விட்ஸிடம் கேள்வியைக் கொண்டுபோனார். 1895-இல் ஹர்விட்ஸ் அணிக்கோவைகளின் வடிவில் விடை தந்தார். டாவோஸ் நகரின் டர்பைன் நிலையத்தில் அது பயன்பட்டதையும் குறிப்பிட்டார். மதுரைக்காரர்களுக்கு அந்த ஆண்டு வேறொன்றால் நினைவிருக்கும்: முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டதும் 1895-இல்தான். அந்த அணையின் நீர் குகைவழியே மலையைக் கடந்து, பெரிய குழாய்களில் இறங்கி, இன்று லோயர் கேம்ப்பில் டர்பைன்களைச் சுழற்றிவிட்டுத்தான் நம் பக்கம் வருகிறது. ஹர்விட்ஸிடம் ஸ்டொடோலா கொண்டுபோன சிக்கலும் அத்தகைய டர்பைனுடையதே.

நீர் டர்பைனில் அப்படி என்ன சிக்கல்?

மின்தேவை கூடும்போது வாயிலை அதிகம் திறக்க வேண்டும். ஆனால் குழாயில் நிற்கும் நீர்த்தூண் கனமானது. திறந்த கணத்தில் அது வேகமெடுக்கவில்லை. திறப்பு பெரிதாகிவிட்டது, நீரின் வேகம் பழையதே, எனவே வாயிலருகே அழுத்தம் குறைகிறது. சக்தி கூட வேண்டிய நேரத்தில் ஒரு கணம் குறைகிறது. கவர்னர் இதைப் பார்த்துப் பதறி மேலும் திறந்தால் நிலைமை மோசமாகும்.

நீர்த்தூண் வேகமெடுக்கும் காலத்தைத் ‘த’ என்று வைத்தால், எளிய மாதிரி (1 − த·ச)/(1 + 0.5த·ச). மேலே உள்ள கழித்தல் குறிதான் அந்தத் தலைகீழ் அசைவு. இதோடு, உள்ளீட்டைக் கூட்டிக்கொண்டே போகும் ஓர் இன்டெக்ரேட்டரையும் க என்ற கெயினையும் சேர்த்துச் சுற்றை மூடினால், 0.5த·ச² + (1 − க·த)ச + க = 0. இருபடி என்பதால் குறியைப் பார்த்தாலே போதும்: க, 1/த-வுக்குக் கீழே இருக்க வேண்டும். உதாரணத்துக்கு த இரண்டு விநாடி என்றால் எல்லை 0.5. குழாய் நீளமாக நீளமாகத் த கூடும், கவர்னர் நிதானமாக நடக்க வேண்டும். எவ்வளவு விலையுயர்ந்த கவர்னர் வாங்கினாலும் நீர்த்தூணின் கனத்தைக் கடக்க முடியாது.

தாமதம் உள்ள அமைப்புக்கு ரௌத் பயன்படுமா?

நேரடியாகப் பயன்படாது. தாமதம் வந்தால் சிறப்பியல்புச் சமன்பாடு பல்லுறுப்புக் கோவையாக இருப்பதில்லை. அதற்கு முடிவிலி எண்ணிக்கையில் மூலங்கள் உண்டு. இங்கேதான், அதிர்வெண் வரைபடத்தைக் கொண்டு சோதிக்கும் வழியைத் தந்த நைக்விஸ்ட் தேவைப்படுகிறார்.

அதே தண்ணீரைப் பின்தொடர்வோம். வைகையின் குறுக்கே உள்ள பேரணையிலிருந்து பிரியும் பெரியாறு பிரதானக் கால்வாய் மேலூர்ப் பக்கம் வரை போகிறது. கால்வாயின் கடைசியில் ஒரு கண்மாய், தலைப்பில் ஷட்டரை ஏற்றி இறக்கும் லஸ்கர் என்று வைத்துக்கொள்வோம். திறந்த நீர் கண்மாய்க்கு வந்துசேர 6 மணி நேரம் ஆகிறது என்பது நம் கற்பனைக் கணக்கு. கண்மாயில் நீர்மட்டம் குறைந்த செய்தி போனில் வந்தவுடன், குறைந்த அளவுக்கு ஏற்ப ஷட்டரை ஏற்றுகிறார். நீர் வந்து சேரும்வரை மட்டம் தொடர்ந்து குறைவதால், பொறுமையில்லாமல் மேலும் ஏற்றுகிறார். பிறகு எல்லாம் ஒன்றாக வந்து சேரும்போது கண்மாய் கலுங்கைத் தாண்டுகிறது, உடனே இறக்குகிறார். ஆட்டம் ஓய்வதில்லை.

கண்மாய் ஓர் இன்டெக்ரேட்டர்; எந்த அதிர்வெண்ணிலும் 90 பாகை பின்தங்கும். தாமதம் இன்னொரு 90 பாகையைச் சேர்க்கும் அதிர்வெண்ணில் சுற்று தலைகீழாகிறது. ஆட்டத்தின் கால்பங்கு 6 மணி நேரம் ஆகும்போது அது நடக்கிறது. எனவே முழு ஆட்டம் 24 மணி நேரம். அந்த அதிர்வெண்ணில் சுற்றின் கெயின் 1-ஐத் தாண்டக் கூடாது என்று எழுதினால், க × 6 என்ற பெருக்கல் π-இல் பாதிக்கு, அதாவது 1.57-க்குக் கீழே இருக்க வேண்டும். க சுமார் 0.26. சாதாரண மொழியில்: மட்டம் 10 சென்டிமீட்டர் குறைந்தால், மணிக்கு 2.6 சென்டிமீட்டர் உயரும் அளவுக்கு மேல் கூடுதல் நீர் விடக் கூடாது. ஆட்டமே இல்லாமல் மட்டம் சீராகத் திரும்ப வேண்டுமென்றால் அந்த அளவு 0.6 சென்டிமீட்டருக்குச் சுருங்கும்.

தாமதத்தை ஒரு பின்னமாகத் தோராயப்படுத்தி ரௌத்துக்குள் கொண்டுவருவது பலருக்குப் பழக்கம்; பாடே தோராயம் என்பார்கள். முதல் படித் தோராயத்தை இதே கண்மாய்க்குப் போட்டால் எல்லை 2/6, அதாவது 0.33 என்று வரும். உண்மை எல்லை 0.26. தோராயம் ஏறத்தாழ 27 விழுக்காடு கூடுதலாக அனுமதிக்கிறது, அதுவும் ஆபத்தான பக்கத்தில். இதைப் பயன்படுத்துகிறவர்கள் நைக்விஸ்ட் வரைபடத்தில் ஒரு முறை சரிபார்க்காமல் விடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

நைக்விஸ்ட் விதி என்ன சொல்கிறது? கெயினைக் குறைத்தால் எப்போதும் பாதுகாப்புதானே?

1927-இல் ஹரால்டு பிளாக், தொலைபேசிப் பெருக்கிகளுக்கு எதிர்ப் பின்னூட்டத்தைக் கண்டுபிடித்தார். அவற்றில் சில, பழைய அறிவுப்படி அலற வேண்டிய கெயினிலும் அமைதியாக வேலை செய்தன. பெல் ஆய்வகத்தின் நைக்விஸ்ட் 1932-இல் இதற்கு விளக்கம் தந்தார். பின்னூட்டத்தைத் துண்டித்த திறந்த சுற்றின் அதிர்வெண் வரைபடத்தை வரைந்து, −1 என்ற புள்ளியை அது வலஞ்சுழியாக எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணி, திறந்த சுற்றுக்கு ஏற்கெனவே உள்ள வலப்பாதித் துருவங்களின் (பின்னத்தின் கீழ்க்கோவை மூலங்களின்) எண்ணிக்கையைக் கூட்டினால், மூடிய சுற்றின் வலப்பாதி மூலங்களின் எண்ணிக்கை கிடைக்கும். கூட்டுத்தொகை பூச்சியமாக வேண்டும்.

எனவே கெயினைக் குறைப்பது எப்போதும் பாதுகாப்பன்று. 1/(ச − 1) என்ற தானாக நிலையற்ற அமைப்பில் சுற்றை மூடினால் ச − 1 + க = 0; க 1-ஐத் தாண்டினால்தான் நிலைக்கும். வரைபடம் −1-ஐ ஒரு முறை இடஞ்சுழியாகச் சுற்றியே ஆக வேண்டும். ‘சத்தம் வருகிறது, கெயினைக் குறை’ என்ற பழக்கம் இங்கே நேர்மாறாக வேலை செய்யும்.

கெயின் மார்ஜின், ஃபேஸ் மார்ஜின் எவ்வளவு இருந்தால் நிம்மதி?

எல்லையைத் தொடக் கெயின் இன்னும் எத்தனை மடங்கு ஏறலாம் என்பது கெயின் மார்ஜின்; சுற்று இன்னும் எத்தனை பாகை பின்தங்கலாம் என்பது ஃபேஸ் மார்ஜின். நம் சர்வோ மோட்டாரில் க = 20 என்று வைத்தால், எல்லை 70 என்பதால் கெயின் மார்ஜின் 3.5 மடங்கு, சுமார் 10.9 டெசிபெல். ஃபேஸ் மார்ஜின் ஏறத்தாழ 36 பாகை. முதல் எண்ணைப் பார்த்தால் வசதியாகத் தெரிகிறது. இரண்டாவதைப் பார்த்தால், முள் குறியைத் தாண்டிப்போய்த்தான் திரும்பும் என்று புரிகிறது. க = 10 ஆக்கினால் ஃபேஸ் மார்ஜின் 55 பாகையைச் சற்றுத் தாண்டுகிறது. 6 டெசிபெல்லும் 45 முதல் 60 பாகையும் பொதுவாக ஏற்கப்படும் அளவுகள். ஆனால் இரண்டு மார்ஜினும் வசதியாக இருக்கும்போதே வரைபடம் இடையில் ஓரிடத்தில் −1-ஐ உரசிக்கொண்டு போகலாம். அந்தப் புள்ளிக்கும் வளைவுக்கும் உள்ள மிகக் குறைந்த தூரத்தையும் அளந்து எழுதும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதத்தில் நிலையான கன்ட்ரோலர், அர்டுயினோவில் போட்டதும் ஆடுகிறதே, ஏன்?

அர்டுயினோ போன்ற சிறு கணிப்பொறிப் பலகை தொடர்ந்து அளக்காமல் விட்டுவிட்டு அளக்கிறது; அந்தச் சாம்பிளிங் இடைவெளியும் ஒரு தாமதம் என்பதால். 1/(ச + 1) என்ற எளிய வெப்ப அமைப்பு, தொடர் கட்டுப்பாட்டில் எந்த நேர்க் கெயினுக்கும் நிலையானது. விநாடிக்கு ஒரு முறை மட்டும் அளந்து, இடையில் வெளியீட்டை அப்படியே பிடித்துவைத்தால், கெயின் 2.16-ஐத் தாண்டக் கூடாது. பத்தில் ஒரு விநாடிக்கு ஒரு முறை அளந்தால் எல்லை சுமார் 20-க்கு உயர்கிறது.

டிஜிட்டல் அமைப்பில் இடப்பாதியின் இடத்தை ஓரலகு வட்டத்தின் உட்பகுதி பிடித்துக்கொள்கிறது. அங்கே ரௌத்தின் வேலையைச் செய்வது ஜூரி சோதனை. ஜ² + அ·ஜ + ஆ என்ற இருபடிக்கு மூன்றே நிபந்தனைகள்: ஆ-வின் எண்ணளவு 1-க்குக் கீழ், 1 + அ + ஆ நேர்க்குறி, 1 − அ + ஆ நேர்க்குறி. ஜ² − 1.5ஜ + 0.7-க்கு 0.7, 0.2, 3.2 என்று மூன்றும் தேறுகின்றன. இதை மனப்பாடமாக வைத்திருந்தால் சிறிய டிஜிட்டல் கன்ட்ரோலர்கள் பெரும்பாலானவற்றுக்குப் போதும்.

லியாபுனோவ் முறை நேரியல் அமைப்புக்கு எதற்கு?

1892-இல் லியாபுனோவ் தந்த வழி, மூலங்களைத் தேடாமல், அமைப்பின் ஆற்றல் போன்ற ஓர் அளவு தொடர்ந்து குறைகிறதா என்று பார்க்கிறது. அணியின் நிரைகள் (0, 1), (−2, −3) என்றால், அலகு அணியை எதிர்க்குறியோடு வலப்பக்கத்தில் வைத்து அவருடைய சமன்பாட்டைத் தீர்த்தால் (1.25, 0.25), (0.25, 0.25) என்ற அணி கிடைக்கிறது. அதன் முதல் உறுப்பு 1.25, அணிக்கோவை 0.25, இரண்டும் நேர்க்குறி என்பதால் அமைப்பு நிலையானது. இவ்வளவு சிறிய அணிக்கு இது சுற்றுவழிதான். நேரியல் அல்லாத அமைப்புக்குப் போகும்போது கையில் மிஞ்சும் கருவி இதுவே என்பதால் இப்போதே பழகச் சொல்கிறேன்.

கெழுக்களே உறுதியாகத் தெரியாதபோது?

ஒவ்வொரு கெழுவும் ஓர் இடைவெளிக்குள் தனித்தனியாக மாறலாம் என்றால், 1978-இல் கரிட்டோனோவ் நிறுவிய தேற்றப்படி நான்கே கோவைகளைச் சோதித்தால் போதும். முப்படிக்கு ஒன்றே போதும். ச²-இன் கெழு 6 முதல் 8, ச-வின் கெழு 9 முதல் 11, மாறிலி 30 முதல் 50 என்று வைத்தால், மிக மோசமான சேர்க்கை 6, 9, 50. ஆறொன்பது ஐம்பத்துநான்கு, ஐம்பதைவிடப் பெரிது. குடும்பம் முழுவதும் நிலையானது. மாறிலி 60 வரை போகலாம் என்றால் தேறாது. கெழுக்கள் ஒன்றையொன்று சார்ந்து மாறும்போது இந்தச் சோதனை தேவைக்கு மேல் கண்டிப்பாக இருக்கும்.

சோதனையில் தேறியும் அமைப்பு கெட்டுப்போக முடியுமா?

முடியும், தவறான சமன்பாட்டைச் சோதித்திருந்தால். 1/(ச − 1) என்ற அமைப்புக்கு முன்னால் (ச − 1)/(ச + 2) என்ற கன்ட்ரோலரை வைத்து, (ச − 1)-ஐ மேலும் கீழும் அடித்துவிட்டால், மூடிய சுற்று ச + 3 = 0; அருமையாகத் தெரியும். அடிக்காமல் எழுதினால் (ச − 1)(ச + 3) = 0. அடித்த காரணி எங்கும் போகவில்லை. உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடையிலான சமன்பாட்டில் தெரியாவிட்டாலும், சிறிது கலைந்தவுடன் அது வளர்ந்து வெளியீட்டுக்கே வந்துவிடும். தேர்வுத் தாளில் சுருக்குவது நல்ல பழக்கம், சிறப்பியல்புச் சமன்பாட்டில் வலப்பாதிக் காரணியைச் சுருக்குவது கூடாத பழக்கம்.

நிலையற்ற அமைப்பின் வெளியீடு முடிவிலிக்குப் போகும் என்கிறீர்கள். ஆய்வகத்து மோட்டார் ஓரளவில் ஆடிக்கொண்டுதானே இருந்தது?

இதைக் கேட்ட மாணவி குமிழை எல்லைக்கு மேலும் ஏற்றிவிட்டுக் கேட்டார். அவர் பார்த்தது சரி. பெருக்கி தன் மின்னழுத்த வரம்பைத் தொட்டவுடன் அதற்கு மேல் தள்ள முடிவதில்லை. ஆட்டம் பெரிதாகப் பெரிதாகப் பெருக்கியின் பயன்கெயின் தாழ்ந்து, 70-க்கு ஒத்த இடத்தில் வளர்ச்சி நின்றுவிடுகிறது. அதனால்தான் வீச்சு ஒரே அளவில் நிலைத்தது. இந்தப் பக்கத்தில் சொன்ன சோதனைகள் அனைத்தும் நேரியல் சமன்பாட்டுக்கு, அதாவது ஓய்வு நிலையின் அருகில் நிகழும் சிறிய அசைவுகளுக்கு உரியவை. அசைவு அங்கிருந்து வளரத் தொடங்குமா என்பதை அவை உறுதியாகச் சொல்லும். வளர்ந்து எங்கே போய் நிற்கும் என்பதைச் சொல்லாது. அன்று அவர் மூன்று குமிழ் நிலைகளில் ஆட்டத்தின் வீச்சை அளந்து குறித்துக்கொண்டார். கெயின் ஏற ஏற வீச்சும் ஏறியது, பத்து ஆட்டத்துக்கான நேரம் 21 விநாடியை ஒட்டியே இருந்தது.